கூகுளில் நம்ம கடை ஏன் மேலே வரவில்லை? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி என்று கடலோரமாகக் கடையோ விடுதியோ கருவாட்டு வியாபாரமோ வைத்திருப்பவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. சைட்டை ஒப்படைத்த பத்தாவது நாள் போன் வந்துவிடும்: “தம்பி, கூகுள்ல அடிச்சுப் பார்த்தேன், நம்ம சைட்டைக் காணோமே!” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். விளம்பரத்துக்குக் காசு கட்டாமல், தானாகக் கிடைக்கும் இடத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

பணம் கட்டினால் கூகுள் மேலே தூக்கிவிடாதா?

விளம்பர இடத்தில் வரலாம். ‘ஸ்பான்சர்டு’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பாருங்கள், அதுதான் அந்த இடம். கட்டிய காசு தீர்ந்த நிமிடம் அங்கிருந்து மறைந்துவிடுவீர்கள். மற்றபடி வரும் இயல்பான வரிசை விற்பனைக்கு இல்லை. மாதம் லட்ச ரூபாய்க்கு விளம்பரம் கொடுப்பவருக்கும் அந்த வரிசையில் சலுகை கிடையாது என்று கூகுளே சொல்கிறது. வரைபடத்தோடு மூன்று கடைகளைக் காட்டும் பெட்டி வேறு கணக்கு, அதைப் பின்னால் பார்ப்போம்.

சைட் வரவே இல்லை. எங்கே கோளாறு?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சைட் கூகுளுக்குள்ளேயே இல்லையா, அல்லது இருந்தும் ஐந்தாம் பக்கத்தில் கிடக்கிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு. தேடல் பெட்டியில் ‘சைட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டு, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை அடியுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும். ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் தெரியாது. இதைவிட நம்பகமான வழி சர்ச் கன்சோல். கூகுள் இலவசமாகத் தரும் கருவி அது. சைட் உங்களுடையதுதான் என்று அதில் நிரூபித்துவிட்டால், எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று பக்கம் பக்கமாகச் சொல்லும்.

என் கதையையே சொல்கிறேன். மண்டபத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் சைட் செய்தேன். வேலை முடியும்வரை கூகுள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று, அமைப்புகளில் ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். வேலை முடிந்தது, பணமும் வாங்கிவிட்டேன், டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். இரண்டு மாதம் அந்த அண்ணன் தினமும் கூகுளில் தேடியிருக்கிறார். நானோ “பொறுங்கண்ணே, புது சைட், நாளாகும்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் சர்ச் கன்சோலைத் திறந்தபோது ‘நோஇண்டெக்ஸ்’, அதாவது ‘சேர்க்காதே’, என்று ஒரே வரியில் என் மானத்தை வாங்கியது. அதனால் யார் செய்த சைட்டாக இருந்தாலும் இப்போது நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

கூகுள் ஒரு பக்கத்தை எப்படித்தான் எடைபோடுகிறது?

மூன்று படி. அதன் மென்பொருள் லிங்க் விட்டு லிங்க் தாவிப் பக்கங்களைப் படிக்கிறது. படித்ததில் தேறுவதைத் தன் கிடங்கில் சேர்த்து வைக்கிறது. யாராவது தேடும்போது, கிடங்கில் இருப்பதில் அந்தக் கேள்விக்குப் பொருத்தமானதை எடுத்து அடுக்குகிறது. மற்ற தளங்கள் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் லிங்க்கை ஒருவகை நற்சாட்சியாக எண்ணும் யோசனையோடுதான் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் கூகுளைத் தொடங்கினார்கள். இன்றைக்கு லிங்க் பல அளவுகோல்களில் ஒன்று, அவ்வளவுதான். தேடுபவர் நிற்கும் இடம், மொழி, பக்கத்தில் இருக்கும் விஷயம், அது எவ்வளவு புதியது என்று நிறையச் சேர்கிறது. ஆகவே நீங்கள் கீழக்கரையில் உட்கார்ந்து தேடிப் பார்க்கும் வரிசையும் துபாயில் இருக்கும் உங்கள் மச்சான் பார்க்கும் வரிசையும் ஒன்றாக இருக்காது. “எனக்கு முதல்ல வருது” என்று போனில் யாராவது சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்தச் சொல்லைப் போட்டால் மேலே வரும்?

வாங்குபவர் வாயில் இருக்கும் சொல். விற்பவர் வாயில் இருப்பது பல நேரம் வேறாக இருக்கும்.

நம்ம மாவட்டத்து மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாளில் அந்தப் பெயர்தான் வரும். கடையில் வந்து கேட்பவரோ ‘குண்டு மிளகாய்’ என்பார், ‘குண்டு வத்தல்’ என்பார். சென்னையில் இருப்பவர் ஆங்கில எழுத்தில் ‘ராம்நாடு குண்டு மிளகாய்’ என்று அடிப்பார். விற்பவரின் சைட்டில் மட்டும் ‘உயர்தர சிவப்பு வற்றல்’ என்று இருக்கும்! அப்படி யார் தேடப்போகிறார்கள்? தலைப்பில் ஒரு பெயர், முதல் பத்தியில் இன்னொரு பெயர், ‘எங்கள் ஊரில் இதை இப்படியும் சொல்வோம்’ என்று மூன்றாவது பெயர், இவ்வளவு போதும். ஒரே சொல்லை இருபது தடவை திணித்தால் படிப்பவருக்கு எரிச்சல் வரும், கூகுளும் அதைக் குப்பை என்று பிடித்துவிடும். பின்னணி வெள்ளையில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைக்கும் பழைய தந்திரத்தையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், ‘ராமேஸ்வரம் ஓட்டல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஆசைப்படாதீர்கள். அங்கே பெரிய முன்பதிவு நிறுவனங்கள் கடை விரித்து உட்கார்ந்திருக்கின்றன. ‘அக்னி தீர்த்தம் பக்கத்தில் ஆறு பேர் தங்கும் அறை’, ‘ராமேஸ்வரத்தில் பஸ் நிறுத்த இடமுள்ள லாட்ஜ்’ மாதிரி நீளமான தேடல்களில் போட்டி குறைவு. அப்படித் தேடி வருபவர் பாதி முடிவு எடுத்துவிட்டவர். எனக்கு நூறு பார்வையாளரைவிட அப்படிப்பட்ட நாலு பேர் மேல்.

பக்கத்தில் என்னதான் எழுதுவது? எனக்கு எழுத வராதே.

எழுத வர வேண்டாம், பேச வருகிறதல்லவா? கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒரு வாரம் போனில் யார் என்ன கேட்டாலும் அந்தக் கேள்வியை அவர் கேட்ட அதே வார்த்தையில் குறித்து வையுங்கள். நான் செய்யும் எல்லா வேலையிலும் அதிகப் பலன் கொடுத்தது இந்த நோட்டுதான்.

கீழக்கரையில் தொதல் செய்து விற்கும் ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் செய்தோம். அவர்கள் சைட்டில் முன்பு ‘பாரம்பரியச் சுவை, தலைமுறை நம்பிக்கை’ என்று இரண்டு வரியும் ஒரு போட்டோவும்தான் இருந்தன. நோட்டில் விழுந்த கேள்விகள்: தொதல் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? ஃபிரிட்ஜில் வைக்கலாமா? வெல்லமா, கருப்பட்டியா? விமானத்தில் கொண்டுபோனால் எண்ணெய் கசியுமா? ஒரு கிலோ எத்தனை துண்டு? தேங்காய்ப்பால் போட்டு மணிக்கணக்கில் கிண்டும் பண்டத்தைப் பற்றி அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்? அந்த வீட்டு லாத்தா (அக்கா) பதில் சொல்லச் சொல்ல, மகன் போனில் பதிவு செய்து அப்படியே தட்டச்சு செய்தான். அந்தப் பக்கம்தான் அவர்கள் சைட்டில் இன்றைக்கு அதிகம் பேர் வந்து படிக்கும் பக்கம். ‘தலைமுறை நம்பிக்கை’ என்று கூகுளில் ஒருவரும் தேடவில்லை.

எழுதியதைத் திருத்துவதும் எழுதுவதில் சேர்த்திதான். பாம்பனில் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. ராமேஸ்வரம் தீவுக்குள் ரயில் வராமல் போனது. அப்போது நிறைய விடுதிக்காரர்கள் ‘மண்டபத்தில் இறங்கி பஸ்ஸில் வாருங்கள்’ என்று சைட்டில் எழுதினார்கள். நல்ல காரியம். 2025 ஏப்ரல் 6 அன்று 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியோடு புதிய பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் சில சைட்டுகளில் இன்னும் மண்டபத்தில் இறங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு வரும் மனிதர் அதை நம்பி இறங்கினால் என்ன நினைப்பார்? திருத்தாமல் தேதியை மட்டும் புதிதாக மாற்றி வைப்பவர்களும் உண்டு. அதனால் இடம் உயராது.

தலைப்பு, கீவேர்ட் பட்டியல் எல்லாம் முக்கியமா?

தலைப்பு முக்கியம். தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரியும் வரி பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. ‘முகப்பு – நல்வரவு’ என்று வைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே குடும்ப அறைகள், வாடகை, வண்டி நிறுத்தம்’ என்று வையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். அதற்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கம் வரிசையை உயர்த்தாது, ஆனால் ஆள் அழுத்துவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

கீவேர்ட் பட்டியல், அதாவது பக்கத்தின் நிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் தேடல் சொற்கள், செத்துப்போன சமாச்சாரம். அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதற்குத் தனியாகக் காசு கேட்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா, இந்தியிலா?

யார் வருகிறார்களோ அவர்கள் மொழியில். கருப்பட்டி, கருவாடு, தொதல் என்றால் தமிழ் கட்டாயம் வேண்டும். ராமேஸ்வரத்து விடுதி என்றால் ஆங்கிலமும் முடிந்தால் இந்தியும். நான்கு தாமங்களில் ஒன்று, பன்னிரண்டு ஜோதிர்லிங்கத்தில் ஒன்று என்று வடக்கே இருந்து வருகிறவர்கள் ஏராளம். ஒரே பக்கத்தில் மூன்று மொழியையும் குழைத்து அடிக்காமல், மொழிக்கு ஒரு பக்கம் வைத்து ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். இந்திப் பக்கத்தை இந்தி தெரிந்தவர் ஒருவர் கண்ணில் காட்டிவிட்டு வெளியிடுங்கள். எந்திரம் மொழிபெயர்த்த விடுதி விதிமுறைகளைப் படித்து ஒரு வடநாட்டுக் குடும்பம் சிரித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

தமிழில் ஒரு பழைய சிக்கல் உண்டு. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே சைட்டில் ஒட்டுவார்கள். திரையில் தமிழ் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். கூகுளுக்கு அது வெறும் கிறுக்கல். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருந்தால்தான் தேடலில் சிக்கும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. இன்னும் பாமினியிலேயே இருப்பவர்களுக்கு இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. அதேபோல விலைப்பட்டியலைப் படமாகப் போடுவது. படத்துக்குள் கிடக்கும் எழுத்தை நம்பி இருக்காமல் விலையை எழுத்தாகவே போடுங்கள்.

வரைபடத்தில் நம்ம கடை வர என்ன செய்ய வேண்டும்?

கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசக் கணக்கைத் திறந்து, கடை உங்களுடையதுதான் என்று உறுதி செய்ய வேண்டும். பல நேரம் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பெயர்ப் பலகை, தெரு, உள்ளே கல்லா எல்லாம் தெரிகிற மாதிரி எடுங்கள். இந்தப் பெட்டியில் யாரைக் காட்டுவது என்பதற்கு கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: கேட்டதற்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடைக்கு வெளியே இருக்கும் பேர். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் வரைபடத்தில் உங்கள் கடையைக் காட்டும் குறி சரியான இடத்தில் குத்தியிருக்கிறதா என்று பார்க்கலாம். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டு விடுதியின் குறி பாக் நீரிணைக்குள் கிடந்தது. “விருந்தாளி எல்லாம் வழி கேட்டே போன் பண்றாங்க” என்று அந்த அக்கா ஒரு வருடமாகப் புலம்பியிருக்கிறார்.

பலகையில் என்ன பெயரோ அதே பெயர்தான் கணக்கிலும் இருக்க வேண்டும். ‘முருகன் லாட்ஜ் ராமேஸ்வரம் பெஸ்ட் சீப் ஏசி ரூம்’ என்று பெயரை நீட்டுவது விதிமீறல். யாராவது புகார் செய்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். திறக்கும் நேரம், விடுமுறை நாள், போன் நம்பர் மூன்றும் சைட்டிலும் கணக்கிலும் ஒன்றுபோல இருக்கட்டும். முன்பு இந்தக் கணக்கிலேயே கூகுள் ஒரு குட்டி வெப்சைட் இலவசமாகத் தந்தது. அதை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி விசிட்டிங் கார்டு அச்சடித்தவர்கள் அந்த முகவரியை இன்னும் விநியோகித்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

நட்சத்திரம் வாங்க தள்ளுபடி கொடுக்கலாமா?

கூடாது. விலைக்கு வாங்கும் விமர்சனம் கூகுளின் விதிக்கு எதிரானது. திருப்தியாகப் போகிறவரிடம் “ரெண்டு வரி எழுதுங்க” என்று கேட்பதில் தப்பில்லை. ஒற்றை நட்சத்திரம் போட்டவருக்கு மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அடுத்து வருபவர் உங்கள் பதிலைத்தான் படிப்பார்.

ஆயிரம் பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம்ம சைட்டுக்கு வரும் லிங்க்) மூவாயிரம் ரூபாய்க்குத் தருகிறார்களாமே?

தருவார்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்களின் சூதாட்டத் தளங்களிலும் ஆளில்லாத பக்கங்களிலும் உங்கள் முகவரியை ஒட்டுவார்கள். காசுக்கு வாங்கிய லிங்க்கை மோசடி என்றே கூகுள் வகைப்படுத்துகிறது. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்று ஒரு மாற்றம் கொண்டுவந்து இந்த மாதிரி சைட்டுகளை ஒரே வீச்சில் கீழே தள்ளினார்கள். இப்போது பெரும்பாலும் தண்டிக்காமல் அந்த லிங்க்கை மதிப்பில்லாமல் விட்டுவிடுகிறார்கள். மூவாயிரம் ரூபாய் கடலில் போனது, அவ்வளவுதான். ஆள் வைத்துப் பரிசோதித்துக் கையால் தண்டனை கொடுப்பதும் உண்டு. அது வந்தால் சர்ச் கன்சோலில் அறிவிப்பு இருக்கும்.

அப்படியானால் நல்ல லிங்க் எப்படி வரும்? சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தான் மற்றவர் சுட்டுவார்கள். தேவிபட்டினத்தில் ஒரு தங்கும் விடுதிக்காரர் நவபாஷாணத்துக்கு வரும் பெரியவர்களுக்காக, பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்க எவ்வளவு தூரம், எங்கே படி, எங்கே சாய்வுப் பாதை, குளித்து உடை மாற்ற எங்கே இடம் என்று போட்டோவோடு ஒரு பக்கம் போட்டார். அறை வாடகை பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. யாத்திரை ஏற்பாடு செய்யும் ஒருவர் அதைத் தன் தளத்தில் சுட்டினார், அவரைப் பார்த்து இன்னொருவர். பனை ஓலைப் பெட்டி முடைபவர்கள், எந்தப் பருவத்து ஓலை, எப்படிப் பதப்படுத்துவது, எவ்வளவு நேரம் ஆகும் என்று படிப்படியாகப் போட்டால் கைவினை பற்றி எழுதுபவர்கள் தாங்களே தேடி வருவார்கள். உங்களிடம் சரக்கு வாங்கும் கடைகளின் சைட்டில் ‘எங்கிருந்து வாங்குகிறோம்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும் நேர்மையான வழிதான்.

சைட் மெதுவாகத் திறக்கிறது. அதனால் இடம் போகுமா?

கொஞ்சம். ஆனால் அதைவிட அதிகமாக ஆள் போவார். அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரக் கையோடு போனைத் திறப்பவர் பத்து விநாடி காத்திருக்க மாட்டார். கூகுள் வைத்திருக்கும் அளவு: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது வரிகள் மேலும் கீழும் குதிக்கக் கூடாது. இது மூன்றும் சரியாக இருந்தும் பக்கத்தில் சரக்கு இல்லாவிட்டால் மேலே வர முடியாது. சரக்கு சமமாக இருக்கும் இருவருக்கு நடுவில்தான் வேகம் பேசும்.

பெரும்பாலான சைட்டுகளில் திருடன் போட்டோதான். போனில் எடுத்த ஆறு எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள், அதுவும் பன்னிரண்டு! அகலத்தைக் குறைத்து, எடை குறைந்த ‘வெப்பி’ பட வடிவத்துக்கு மாற்றி ஏற்றினாலே பாதி நோய் தீரும். படத்துக்கு ‘ஐஎம்ஜி 4021’ என்று பெயர் வைக்காமல் என்ன படம் என்று மாற்று வரியில் (‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்ற கட்டத்தில்) எழுதுங்கள். கணினியில் அழகாக இருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம், கூகுள் பார்ப்பது உங்கள் சைட்டின் மொபைல் வடிவத்தைத்தான். அதற்கு முழுவதும் மாறிவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்தார்கள்.

ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் பக்கம் போட்டால் போதுமா?

போதாது. கூகுள் படித்து, சேர்த்து, நம்ப நாளாகும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளுக்கு வருபவர்கள் முன்கூட்டியே அறை தேடுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு மூன்று மாதம் முன்பே இருக்க வேண்டும்.

இன்னொரு தப்பு, ஆண்டுக்கு ஒரு புதுப் பக்கம் போடுவது. ஏர்வாடி சந்தனக்கூடு ஹிஜ்ரி கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதி ஒவ்வொரு ஆண்டும் பத்து பதினொரு நாள் முன்னால் நகரும். அதற்காக முகவரியிலேயே ஆண்டைப் போட்டு வருடம் ஒரு பக்கம் திறந்தால், பழைய பக்கம் சேர்த்த பேரெல்லாம் அதோடு கிடந்து போகும். ஆண்டு இல்லாத ஒரே முகவரியை வைத்துக்கொண்டு உள்ளே தேதியை மாற்றுங்கள். மீன் விற்பவர்களுக்கும் இதேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாளில் என்ன மீன் கிடைக்கும், நாட்டுப்படகு மீன் உண்டா, கருவாடு இருப்பு எவ்வளவு என்று அதே பக்கத்தில் மாற்றி எழுதினால் வாடிக்கையாளரும் ஏமாற மாட்டார்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி என்று ஊருக்கு ஒரு பக்கம் போடலாமா?

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பத்தியை நாலு தடவை போடுவதாக இருந்தால் வேண்டாம். ஏமாற்றுக் கதவுப் பக்கங்கள் என்று கூகுள் அதை ஒதுக்கும். ஒவ்வொரு ஊருக்கும் உண்மையிலேயே வேறு சேவை, வேறு விலை, வேறு வழி இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

ஏஐ எழுதிக் கொடுத்தால் கூகுள் கண்டுபிடித்துத் தண்டிக்குமா?

யார் எழுதினார்கள் என்பது பிரச்சனை இல்லை என்கிறது கூகுள். வரிசைக்காக மட்டும் மலை மலையாகப் பக்கம் உற்பத்தி செய்வதைத்தான் 2024 மார்ச் முதல் குப்பை என்று விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள், அது மனிதன் எழுதியதானாலும் சரி. என் அனுபவத்தில் ஏஐ தனுஷ்கோடியைப் பற்றி அழகாக எழுதும், 1964 புயல் வரை சொல்லும். ஆனால் உங்கள் விடுதிக் குழாயில் வருவது உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. தங்க வருபவர் கேட்பது அதைத்தான். நோட்டில் இருக்கும் பதிலைக் கொடுத்து வரியைச் சீராக்கச் சொல்லுங்கள், அது நல்ல உபயோகம்.

இப்போது தேடல் முடிவின் தலையிலேயே கூகுளின் ஏஐ ஒரு பதிலைக் கொடுத்துவிடுகிறது. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. அதனால் பொதுவான கேள்விகளுக்குச் சைட்டுக்குள் வருபவர் குறைவார் என்றே நினைக்கிறேன். ‘பாம்பன் பாலம் எப்போது கட்டினார்கள்’ என்று பக்கம் போட்டுப் பயனில்லை. உங்கள் அறை, உங்கள் படகு, உங்கள் கருவாடு பற்றிய கேள்விக்கு உங்கள் பக்கத்துக்குத்தான் வரவேண்டும்.

இந்த மாதிரி கேள்வி-பதில் பக்கம் வைத்தால் தனி மதிப்பு உண்டா?

முன்பு தேடல் முடிவிலேயே கேள்விகள் விரிந்து தெரியும். 2023 ஆகஸ்டில் அதை அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். கேள்வி-பதில் படிக்க எளிது, அதற்காக வையுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று. எத்தனை நாளில் தெரியும்?

நாலு மாதம் முதல் ஒரு வருடம் என்பது கூகுள்காரர்களே சொன்ன கணக்கு. சர்ச் கன்சோலில் பதினாறு மாதத் தகவல் இருக்கும். தினமும் பார்த்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாமல், போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம்ம ஊர் வியாபாரம் அமாவாசைக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஏறி இறங்குவது, போன வாரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. திடீரென்று விழுந்தால் சைட் திறக்கிறதா, நோஇண்டெக்ஸ் ஏறிவிட்டதா, டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்) காலாவதியா என்று முதலில் பாருங்கள். சைட்டைப் புதிதாக மாற்றியிருந்தால் பழைய முகவரிகள் ஒவ்வொன்றும் புதிய பக்கத்துக்கு 301 முறையில் (நிரந்தர மாற்றம் என்று சொல்லும் குறியீடு) திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்த வீழ்ச்சிகளில் அதிகம் இதனால்தான்.

ஆள் வைத்துச் செய்யலாமா? ‘முதலிடம் உத்தரவாதம்’ என்கிறார்களே.

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறவரிடம் எந்தத் தேடலுக்கு என்று கேளுங்கள். உங்கள் விடுதியின் முழுப்பெயருக்கு முதலிடம் என்பார். அது சும்மாவே வரும்.

பக்கத்துக்கு வேண்டிய விஷயத்தை நீங்கள்தான் தர வேண்டும், அதை வெளியாள் தர முடியாது. வேகம், திருப்பிவிடல், சர்ச் கன்சோல் மாதிரி வேலைக்கு ஆள் வைக்கலாம். என்ன செய்தார் என்று மாதாமாதம் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ‘ரகசிய உத்தி’ என்றால் வேண்டாம்.

டொமைனும் கூகுள் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் போனுக்கு ஓடிபி வரும்படி இருக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் உரிமையாளர் ஒன்பது வருடம் ஒரே முகவரியை வளர்த்தார். அதைப் பதிந்து கொடுத்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறார். அந்த ஆள் தொழிலை விட்டுவிட்டு ஊர் மாறினார், புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தன. தை அமாவாசைக்கு முந்தின வாரம் சைட் நின்றது. இப்போது அந்த முகவரியில் வேறு யாரோ எதையோ விற்கிறார்கள். அந்த அண்ணன் புதுப் பெயரில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார், பழைய சைட்டில் இருந்த கேள்வி-பதில்களை நோட்டிலிருந்து மறுபடி தட்டச்சு செய்து கொண்டிருக்கிறோம்.